ஆற்றங்கரை ஊர்களும் பெயரற்ற லயங்களும்

முதுகில் ஒரு பையும் கையில் ஒரு வரைபடமுமாக நாடுவிட்டு நாடு சென்று, மலிவான விடுதிகளில் தங்கி, ஊர்களை நடந்தே கண்டுவரும் பழக்கம் மலேசியத் தமிழ் இளைஞரிடையே இன்று பெருகியிருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன்னர், தோட்டத்து லயத்தை விட்டு அடுத்த பட்டணத்துக்குப் போய் வருவதையே பெரும் பயணமாக எண்ணிய மக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பால்வாளி சுமந்த தோள்களின் வழித்தோன்றல்கள் பயணப்பை சுமந்து ஐரோப்பாவில் உலவுவதைக் கண்டு மகிழாதவர் தமிழராக இருக்க முடியாது.

இவ்விளைஞர் விரும்பிச் செல்லும் ஊர்களுள் ஒன்று செக் நாட்டின் தென்பகுதியிலுள்ள செஸ்கி குரும்லோவ். வல்தாவா ஆறு அவ்வூரைப் பாம்பைப்போல் வளைந்து வளைந்து சுற்றிச் செல்கிறது. ஆற்றின்மேல் உயர்ந்த பாறை. பாறையின்மேல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிப் பின்னர் விரிந்த கோட்டை. கீழே செந்நிற ஓடு வேய்ந்த வீடுகள். கல் பாவிய சந்துகள். 1992ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. போய் வந்தவர்கள், "பழமையை எவ்வளவு அருமையாகக் காத்து வைத்திருக்கிறார்கள்!" என்று வியந்து பேசுகின்றனர். வியப்பு நியாயமானதே. ஆயின் அதே இளைஞரிடம், "உம் பாட்டி பால் வெட்டிய தோட்டம் எது? அது எந்த ஆற்றங்கரையில் இருந்தது? அதன் லயங்கள் எத்தனை?" என்று கேட்டால் விடை வருவதில்லை. "சுங்கை சிப்புட் பக்கம் ஏதோ ஒரு தோட்டம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய செக் நாட்டு ஊரின் வரலாறு தெரிகிறது. எண்பது ஆண்டுப் பழமையுடைய சொந்தக் குடும்பத்தின் வரலாறு தெரியவில்லை. இந்நிலைக்கு இளைஞரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, நேர்மையாகாது. பழியின் பெரும்பகுதி சொல்லாமல் விட்ட மூத்தோரையும், அவர்களைவிட மிகுதியாக, எழுதுகோல் கையிலிருந்தும் எழுதாமல் விட்டவர்களையும் சாரும்.

பயணத்தையே பழிப்பவர்கள் சிலர் உண்டு. "உள்ளூரைப் பாராதவனுக்கு வெளியூர் எதற்கு?" என்பது அவர்கள் வாதம். தமிழ்ப் பயண இலக்கியத்தின் வரலாற்றை அறிந்தவர் இவ்வாதத்தை ஏற்கமாட்டார். ஏ. கே. செட்டியார் 1930களின் பிற்பகுதியில் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகைச் சுற்றினார். 1940இல் அவற்றைத் தொகுத்து ஆவணப்படமாக்கினார். அவர் சுற்றியது வேடிக்கைக்காக மட்டுமன்று. தேடித் திரட்டிக் கொணர்வதற்காகவும். தி. ஜானகிராமன் 'கருங்கடலும் கலைக்கடலும்' என்ற நூலில் ருமேனியாவையும் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவையும் கண்டு எழுதினார். அவரேதான் சிட்டியுடன் சேர்ந்து காவிரியின் கரை நெடுகச் சென்று 'நடந்தாய் வாழி காவேரி'யையும் எழுதினார். அயல்நாட்டு ஆற்றைக் கண்ட கண்களுக்குத் தன்னாட்டு ஆறு மறைந்துவிடவில்லை. இரண்டையும் ஒரே கூர்மையோடு பார்க்க அவருக்கு இயன்றது.

எதிர்த்திசையிலிருந்து வந்த பயணி ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1927இல் பிராகு நகரில் பிறந்த கமில் சுவலபில், வல்தாவா ஆற்றங்கரையிலிருந்தபடியே தமிழ் கற்றார். 1964இல் தனிநாயகம் அடிகளார் முதலானோருடன் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமானவருள் அவரும் ஒருவர். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் நடைபெற்றது. 1968இல் சோவியத்துப் படைகள் தம் நாட்டில் புகுந்தபின் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. குரும்லோவின் வழியே ஓடிப் பிராகுவை அடையும் அதே ஆற்றின் கரையில் ஒருவர் தமிழின் எழுத்தெண்ணிப் படித்தார். கிந்தா ஆற்றங்கரையில் பிறந்த தமிழர், தம் மக்கள் வாழ்ந்த இடங்களின் பெயர்களையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

குரும்லோவுக்கே திரும்புவோர் அவ்வூரின் அழகுக்குப் பின்னே ஒரு கதை இருப்பதைக் காணலாம். இன்றைய பயணியின் படத்தில் அது விழுவதில்லை. நூற்றாண்டுகளாக அவ்வூரில் பெரும்பான்மையினராக வாழ்ந்தவர் ஜெர்மன் மொழி பேசுவோர். 1938இல் ஹிட்லரின் ஜெர்மனி அப்பகுதியை விழுங்கியது. போர் முடிந்ததும், 1945இலும் 1946இலும், அந்த ஜெர்மானியர் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டனர். ஆளற்றுக் கிடந்த வீடுகளில் பிற்பாடு குடியேறியவர்களுள் ரோமா என்னும் நாடோடி இனத்தாரும் இருந்தனர். பொதுவுடைமை ஆட்சியில் ஊர் பழுதுபார்ப்பாரின்றிச் சிதைந்தது. 1989க்குப் பின்னரே வண்ணம் பூசிக்கொண்டது. எகோன் ஷீலே என்ற ஓவியர், தம் தாயார் பிறந்த அவ்வூருக்கு 1911இல் வந்து தங்கினார். அவருடைய வாழ்க்கைமுறை பிடிக்காமல் ஊரார் அவரைப் போகச் செய்தனர். அவர் அவ்வூரை வரைந்த படங்களுக்கு 'இறந்த நகரம்' என்றே பெயர் சூட்டினார். அன்று விரட்டிய ஊர் இன்று அவர் பெயரால் கலைக்கூடம் வைத்துக் காசு பார்க்கிறது. ஊர்கள் இப்படித்தான் போலும்.

இன்னும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சுற்றுலாவின் பெருக்கால் பழைய ஊரின் நடுப்பகுதியில் வீடுகளெல்லாம் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாற, நிலையாகக் குடியிருப்போர் சில நூறு பேராகச் சுருங்கினர். 2018ஆம் ஆண்டில் கதர்ஷினா ஷேடா என்ற செக் கலைஞர், சில குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுத்து அங்கே குடியமர்த்தினார். அவர்கள் செய்ய வேண்டிய வேலை யாது? துணி உலர்த்துவது, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்வது, அண்டை வீட்டாரோடு நின்று பேசுவது. மனிதர் வாழும் ஊரில் இயல்பாக நடப்பவற்றைக் கூலிக்கு நடத்திக் காட்ட வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதை அவர் அவ்வாறு இடித்துரைத்தார். கட்டடத்தைக் காத்தவர்கள் குடியிருந்தவரை இழந்தார்கள். குரும்லோவைப் பார்த்து வியப்பவர், அங்குக் கற்க வேண்டியதோடு கற்கக் கூடாததையும் சேர்த்துப் பார்த்து வருதல் வேண்டும்.

பேராக் மாநிலத்திற்கும் ஓர் ஆற்றங்கரைப் பழம்பட்டணம் உண்டு. ஈப்போவைக் கிந்தா ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே பழைய பட்டணம். கிழக்கே 1892ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு வளர்ந்த புதிய பட்டணம். ஈயம் கொழித்த காலத்தில் எழுந்த கட்டடங்கள், 1985இல் ஈயச் சந்தை சரிந்து ஊர் உறங்கிப் போனதால் இடிக்கப்படாமல் தப்பின. வறுமையும் சில வேளை நல்ல காவலாளியாகிவிடுகிறது. 2010இல் கோலாலம்பூரிலிருந்து மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 2014இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் பழைய சுவர்களில் ஓவியம் தீட்டினார். 2016இல் 'லோன்லி பிளானட்' என்ற வழிகாட்டி நிறுவனம் ஆசியாவில் காணத்தக்க இடங்களின் வரிசையில் ஈப்போவையும் சேர்த்தது. அதன்பின் முதுகுப்பைக்காரர்கள் ஈசல்போல் வந்து மொய்க்கத் தொடங்கினர்.

அவர்கள் நடக்கும் வழியைக் கவனித்தல் நன்று. 1917இல் கட்டி முடிக்கப்பட்ட, ஹப்பக் என்ற ஆங்கிலேயர் வரைந்த வெண்ணிறத் தொடர்வண்டி நிலையத்தில் இறங்குகிறார்கள். நிலையத்தின் முகம் கிழக்கே பார்த்தது. எதிரே நகர மண்டபம். ஊருக்குப் பெயர் தந்த ஈப்போ மரம். சற்றுத் தள்ளி 1909இல் எழுப்பப்பட்ட பர்ச் மணிக்கூண்டு. பேராக்கின் முதல் ஆங்கிலேய ரெசிடெண்டாகிய பர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதன் நினைவாக எழுந்தது அது. அவரைக் கொன்றவருள் ஒருவரான டத்தோ சாகோரின் பெயரை அம்மணிக்கூண்டு நிற்கும் சாலை இன்று தாங்கி நிற்கிறது. மாண்டவருக்கும் நினைவு, மாய்த்தவருக்கும் நினைவு! பெருந்தன்மையுள்ள ஊர்தான். அங்கிருந்து பயணிகள் வைப்பாட்டிச் சந்து எனப்படும் பங்ளிமா சந்துக்குள் நுழைகிறார்கள். வெள்ளைக் கோப்பி அருந்துகிறார்கள். சுவரோவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆற்றங்கரைக்குப் போய்விட்டு, மாலை வண்டியில் திரும்புகிறார்கள்.

நிலையத்தை விட்டு வெளிவந்ததும் பின்பக்கம் திரும்புவார் இலர். திரும்பினால் தண்டவாளத்துக்கு அப்பால் இருப்பது புந்தோங். ஈப்போத் தமிழரின் நெஞ்சுக்கூடு அது. தைப்பூச ஊர்வலம் அங்குள்ள மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்பட்டுத்தான் கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயிலுக்குச் செல்கிறது. அங்கே கச்சாங் பூத்தே கம்பம் ஒன்று உண்டு. பாரதி பிறந்த எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் வறுத்துப் பொரித்து நாடெங்கும் விற்ற தெரு அது. வாங்கித் தின்ன வரும் மக்கள் உண்டு. வந்தவர்களின் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போகும் தமிழர் எத்தனை பேர்? பட்டணத்தின் சாக்கடையை வெட்டியவர், சடக்குக்குக் கல் உடைத்தவர், தண்டவாளம் பதித்தவர், நகராண்மைக் கழகத்தின் குப்பை வண்டியைத் தள்ளியவர் ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கின்றனர். வரைபடத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

இதற்காக அரசாங்கத்தின்மீதும் சுற்றுலாத் துறையின்மீதும் பாய்வது வழக்கமாகிவிட்டது. மேடைதோறும் அந்தப் பாய்ச்சலுக்குக் கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஈப்போவில் ஹக்கா சீனச் சுரங்க முதலாளிகளின் கழகமாக 1893இல் தோன்றிய 'ஹான் சின் பெட் சூ' இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. கம்பாரில் ஈய லம்பத் தொழிலைக் காட்டும் காட்சியகம் ஒன்று நிற்கிறது. இரண்டும் தனியார் முயற்சிகள். தம் பாட்டன் பயன்படுத்திய கருவியைத் துடைத்து வைக்கவும், பழைய நிழற்படத்தின் அடியில் பெயர் எழுதி மாட்டவும் சீனர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயக் கப்பல் இன்று பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. பிறர் தம் கதையைச் சொல்லிக்கொண்டதற்காக அவர்மேல் தமிழர் மனத்தாங்கல் கொள்ள இடமில்லை.

ஈப்போவிலிருந்து பத்து காஜா செல்லும் வழியில், ராயா ஆற்றின் கரையில், முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்கிறது. கெல்லி மாளிகை என்பர். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1915இல் அதனைக் கட்டத் தொடங்கினார். கட்டடத் தொழிலாளரைத் தமிழகத்திலிருந்து வரவழைத்தார். முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொன்றது. மிஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர். துரை கட்டிக் கொடுத்தார். நன்றிக்கடனாகக் கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பியணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்றையும் அவர்கள் நிறுத்தினர். 1926இல் லிஸ்பனில் கெல்லி ஸ்மித் இறந்தார். மாளிகை அப்படியே நின்றுவிட்டது.

அங்கே செல்லும் பயணி தேடுவது ஆவியை. எந்த அறையில் பேய் உலவுகிறது, எந்தப் படிக்கட்டில் காலடி ஓசை கேட்கிறது என்பனவே பேச்சு. துரையின் மனைவி மக்களின் பெயர்கள் சுவரிலே உள்ளன. மாளிகைக்காக மாண்ட தொழிலாளருள் ஒருவர் பெயரையேனும் அங்கு வருவோர் கேட்பதில்லை. அவர்கள் 'கூலிகள்' என்ற ஒரு சொல்லுக்குள் புதைக்கப்பட்டுவிட்டனர். தமிழ்ப்பள்ளி மாணவரைச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் ஆசிரியருங்கூட மாளிகையின் மாடியில் ஏற்றி இறக்கிவிட்டுப் பேருந்துக்கு அழைத்து வந்துவிடுகின்றனர். சற்றுத் தொலைவிலுள்ள அக்கோயிலுக்குச் சென்று, கோபுரத்து உருவத்தைக் காட்டி, அது ஏன் அங்கு நிற்கிறது என்று விளக்கிவிட்டு வருவதற்கு அரை மணி நேரம் போதாதா? தமிழன் கையால் செய்த வெள்ளைக்காரச் சிலை, தமிழன் கும்பிடும் இடத்தில் நிற்கிறது. தோட்ட வாழ்வின் பணிவும் பாசமும் அச்சமும் அந்த ஒற்றை உருவத்தில் கலந்து கிடக்கின்றன. ஒரு நாவலுக்குரிய பொருள் அது.

நாவல் என்றதும் எழுத்தாளரைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போட இயலாது. மலேசியத் தமிழ் இலக்கியம் தோட்டத்தைப் பாடாத நாளில்லை. பால்மரம் அழுதது, பனித்துளி அழுதது, தொழிலாளியின் கண்ணீர் மங்கில் நிறைந்தது. இத்தகைய கவிதைகளும் சிறுகதைகளும் ஆயிரக்கணக்கில் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தோட்டத்திற்குப் பெயர் இராது. இருந்தாலும் கற்பனைப் பெயராக இருக்கும். ஆண்டு இராது. எந்தத் தீம்பாரில் எத்தனை மரம், ஒரு நிரைக்கு என்ன கூலி, பெரட்டுக்கு எத்தனை மணிக்கு மணி அடித்தது, கிராணி எந்த ஊர்க்காரர், லயத்தில் எத்தனை வாசல், ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது என்பவை இரா. கண்ணீருக்கு முகவரி எழுதாமல் அனுப்பிவிட்டார்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்றவை செய்தியைத் தேடிச் சென்று எழுதப்பட்டவை. அவற்றை மதித்துப் போற்றும்போதே, அவை ஏன் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக நின்றுவிட்டன என்று கேட்கவும் வேண்டும். எழுத்தாளர் சங்கங்கள் பொற்கிழி வழங்கின, போட்டி நடத்தின, மலர் வெளியிட்டன. வட்டாரந்தோறும் தோட்டங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் திரட்டி முழுமையாக அச்சிடுவது பரிசுக்குரிய இலக்கியமாக யாருக்கும் தோன்றவில்லை.

தோட்டங்களோ காத்திருக்கவில்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தொழிலாளரே தோட்டத்தை வாங்க வேண்டுமென்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாக அலைந்தது அக்காலத்தில்தான். 1969க்குப் பின் வேலை அனுமதிக் கட்டுப்பாடு வந்தபோது, குடியுரிமையற்ற பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அதன்பின் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் ஒரு காலைப் பொழுதில் மண்வாரி இயந்திரத்திற்கு இரையாயின. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற அவற்றுக்கு இடிபாடு என்று சொல்லிக்கொள்ளவும் ஏதும் மிஞ்சுவதில்லை. குரும்லோவின் கல்வீடு கவனிப்பாரின்றி நாற்பது ஆண்டு கிடந்தும் நின்றது. லயத்தின் பலகை நாற்பது நாளில் விறகாகிவிடும். கல்லால் கட்டாதவர்கள் சொல்லால் கட்டியிருக்க வேண்டும்.

எஞ்சி நிற்பவை இரண்டே. ஒன்று, செம்பனைக் காட்டுக்கு நடுவே தனித்து நிற்கும் கோயில். மற்றொன்று, தமிழ்ப்பள்ளியின் பெயர். நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக். அவற்றுள் பல, தோட்டம் அழிந்தபின் பட்டணத்தை ஒட்டி இடம் மாறி, புதிய மாடிக் கட்டடம் பெற்றும், பழைய தோட்டத்தின் பெயரை இன்னும் பலகையில் சுமந்து நிற்கின்றன. அங்குப் படிக்கும் பிள்ளைக்கு அப்பெயர் ஒரு முகவரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் காகிதத்தில் ஓர் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் வழங்கின. கங்காணி பெயராலும், ஆற்றின் பெயராலும், முதலில் வந்த துரையின் பெயரைத் தமிழ் நாக்கு திரித்த திரிப்பாலும் அமைந்த பெயர்கள் அவை. ஆங்கிலப் பெயர் கம்பெனிக் கணக்கேட்டில் பிழைத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயருக்கு ஏடு இல்லை. கிழவர் கிழவியரின் நாவே அதற்கு ஏடு.

பெயரின்றிப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர், தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் ஓர் ஆற்றங்கரை ஊர். மேற்கத்திய முதுகுப்பைக்காரர் ஆண்டு முழுதும் வந்து தங்கும் ஊர். குவாய் ஆற்றின்மேலுள்ள பாலத்தில் நடந்து, மிதவை விடுதியில் உறங்கி, மரண இரயிலின் மிச்சப் பாதையில் வண்டியேறி மகிழ்கிறார்கள். ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அது. ஊர் நடுவிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் நேசநாட்டுப் போர்க்கைதிகள் உறங்குகின்றனர். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். புல் வெட்டிச் சீராக்கிய வரிசைகள். கல்தோறும் பெயர், படைப்பிரிவு, வயது.

அதே பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து, பேராக் தோட்டங்களிலிருந்தும், பிடித்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை. மாண்டவர் எத்தனை பேர் என்பதிலேயே ஒரு நூலின் கணக்கு மற்றொரு நூலின் கணக்கோடு பொருந்துவதில்லை. ஆயிரங்களில் அன்று, பல்லாயிரங்களில் வேறுபடுகிறது. போர்க்கைதிக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. அவன் நாடு அதனை வைத்துக்கொண்டு போருக்குப் பின் தேடி வந்தது. தோட்டத்துத் தமிழனுக்குப் பட்டியல் இல்லை. ஆகவே தேடி வருவாரும் இல்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, அண்மையில்தான், காஞ்சனபுரியின் பௌத்தக் கோயில் வளாகம் ஒன்றில் அவர்கள் நினைவாக நடுகல் நாட்டப்பட்டிருக்கிறது. மலேசியத் தமிழ் ஆர்வலர் சிலர் விடாது முயன்றதன் பயன் அது, வாழ்த்துக்குரியது. ஆயினும் அந்த நடுகல்லின்கீழ் உறங்குவோர் அனைவர் பெயரையும் பொறிக்க இனி எவராலும் இயலாது. பெயர் எழுதப்படாமையின் விலை இதுவே.

"தோட்டம் என்ன கோட்டையா, கொத்தளமா? அது அடிமைக் கூடம். அது தொலைந்ததே நல்லது. அதை ஏன் நினைவூட்ட வேண்டும்?" என்று சினந்து கேட்போர் உளர். அவர்களுள் தம் உழைப்பால் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தோர் பலர். லயத்தில் பிறந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூசுகிறார்கள். அவர்தம் வலியை எள்ளி நகையாடுதல் தகாது. ஒழுகும் கூரையும், பொதுக் குழாயும், ஐந்து மணிப் பெரட்டும், ஒரே அறையில் ஒன்பது பேரும் பெருமைக்குரியன அல்ல. அந்த லயத்தை மீண்டும் எழுப்பி வெள்ளையடித்து, நுழைவுக் கட்டணம் வசூலிக்கச் சொல்வார் எவருமில்லை. அத்தகைய ஒப்பனைப் பழமை எங்கே கொண்டு விடும் என்பதைக் குரும்லோவில் கூலிக்குத் துணி உலர்த்தியவர்களே காட்டிவிட்டனர். ஆனால் குரும்லோவின் கோட்டையும் அடிமைக் குடியானவரின் முதுகில் எழுந்ததுதான். பிரபுக்களின் பெயர் நின்றது; சுமந்தோர் பெயர் அழிந்தது. அங்கே நடந்த அநீதிக்கு இன்றைய செக் மக்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பேராக்கிலோ பால் வெட்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எண்பதைக் கடந்த மூதாட்டியர், காண்டா வாளியின் தழும்பைத் தோளில் தடவிக்காட்டக் கூடியவர்கள், வீடமைப்புப் பகுதிகளின் பின்னறைகளில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். கேட்பாரில்லாமையால் பேசாதிருக்கிறார்கள்.

வேறு சிலர், "இதெல்லாம் பல்கலைக்கழகத்தார் வேலை" என்று நழுவுவர். பல்கலைக்கழகத்தார் செய்யட்டும், செய்தும் வருகின்றனர். ஆயின் ஆய்வேடு ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்பட்டு நூலகத்து அடுக்கில் ஏறிவிடும். புந்தோங்கில் உள்ள பிள்ளை படிப்பதற்கு அது வாராது.

ஆகவே முதுகுப்பையை இறக்கி வைக்கச் சொல்ல வேண்டியதில்லை. வல்தாவாவையும் காணட்டும், டான்யூபையும் காணட்டும். அங்கே ஊர்ச் சதுக்கத்தில் நின்று, இவ்வீட்டில் முன்பு வாழ்ந்தவர் யார், அவர் எங்கே போனார் என்று கேட்கப் பழகட்டும். திரும்பி வந்து, அதே பையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒலிப்பதிவுக் கருவியையும் வைத்துக்கொண்டு ஈப்போ நிலையத்தில் இறங்கி, முன்வாசலால் வெளியே வந்ததும் ஒருமுறை மேற்கே திரும்பட்டும். அங்கிருந்து சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, கோப்பேங், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று வட்டாரம் வட்டாரமாகப் போகட்டும். ஐரோப்பியப் பயணத்தில் மூன்று வாரம் நடக்கும் கால்களுக்கு இது பெரிய தூரமன்று. எழுத்தாளர் சங்கங்கள் தம் ஆண்டுச் செலவில் ஒரு விருந்தைக் குறைத்தால், ஒரு வட்டாரத்தின் தோட்டப் பெயர்களையும் குடும்பங்களின் நினைவுகளையும் ஒரு சிறு நூலாக அச்சிட்டுவிடலாம். கவிதையாக இருக்க வேண்டியதில்லை. பெயரும் ஆண்டும் இடமும் பிழையின்றி இருந்தால் போதும்.

கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் ஹியூ லோ வளர்த்த முதற் கன்றுகளுள் எஞ்சியது அது. அதற்கு வேலி உண்டு. வரலாறு கூறும் பலகையும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அம்மரத்திலிருந்து சுங்கை சிப்புட் அண்மையில்தான் உள்ளது. இரப்பர்த் தொழிலுக்கு வந்தவர்களின் முதல் பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம். லயத்துக்கு எத்தனை வாசல், கோயிலுக்கு முதலில் கல் நட்டவர் யார், பள்ளிக்கு வந்த முதல் வாத்தியார் எந்த ஊரிலிருந்து வந்தார், சயாமுக்குப் போனவர் எவர் வீட்டில் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுத ஒரு முழு நாள் ஆகும். காலையிலேயே போய்விட வேண்டும். வயது முதிர்ந்தவர்கள் பசியாறியபின் தெளிவாகப் பேசுவார்கள். பிற்பகலில் களைத்துப்போய்ப் பெயர்களை மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.